துரை முன் மரியாதை

பழவேற்காடு,
பார்த்திப வருடம், ஆடி மாதம்.

சென்னைக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் தம்பி தருமலிங்கத்துக்கு, அண்ணன் உலகநாதன் நலம் கோரி எழுதுவது.

மனம் கலங்கியிருப்பதால், எழுத வேண்டியதை முதலிலேயே குறித்துக்கொள்கிறேன்.

1. இங்கிலீஷ்காரர்களின் ஒரு வாசகம், அதன் பொருளும் பயனும்.
2. நேற்று நடந்த விசாரணை.
3. அதில் யார் மேலும் குற்றமில்லை என்பது.

ஒல்லாந்தர் கொடி இறங்கியபின் வந்த புதுத் துரைக்கும் நான்தான் துபாஷி. வந்த அன்றே அவர் கோட்டைக்குப்பத்து மீனவர்களைக் கூட்டி, உங்கள் பி-யையும் க்யூ-வையும் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார். இரண்டும் வெறும் எழுத்துகள்தான். பேச்சிலும் நடத்தையிலும் மரியாதை தவறாதே என்பது பொருள். விருந்துக்குப் போகுமுன் தாய் பிள்ளையிடம் சொல்வாள். அதிகாரி எச்சரிக்கையாகச் சொல்வார். குப்பத்தாருக்கோ, துரை முன் வாய் திறக்காதீர்கள் என்று நான் விளக்கினேன். அது அவர்களுக்குப் புதிதல்ல. ஏரியில் எந்த நாள் யாருக்குப் பாடு, அதாவது மீன்பிடிக்கும் முறை, என்று கூடிப் பேசும்போதும் வழக்குள்ளவன் பேசமாட்டான். அவனுக்காகத் தலைவர் பேசுவார். ஒல்லாந்தரும் அதை ஏற்றிருந்தார்கள்.

நம் வீட்டுக்கு இறால் கொடுக்கும் நாகம்மாளின் புருஷன் சகாதேவன், துரையின் படகுக் கயிற்றை அறுத்தானாம். நேற்று அவனை விசாரணைக்குத் துரை முன் நிறுத்தினார்கள். தலைவர் திருவேங்கடம் எழுந்தார். அவரை உட்காரச் சொல்லி, அவனே பதில் சொல்லட்டும் என்றார் துரை. தலைவரை மீறிப் பேசுவதா என்று சகாதேவன் குனிந்து நின்றான். துரை மறுபடி கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் கண்ணாலேயே அடக்கினேன். பேசாததே ஒப்புதல் என்று துரை எழுதிவிட்டார்.

காவலாளியைத் தள்ளிக்கொண்டு நாகம்மாள் வந்தாள். இன்னாய்யா, வாயில மீனா வச்சிக்கினு கீற, அன்னிக்கு நம்ம பாடே இல்ல, தோணிரேவுல எங்க நைனா வூட்டாண்ட வலை கட்டிக்கினு இருந்தேன்னு சொல்லேன்யா என்று கத்தினாள். துரையைப் பார்த்து, உனுக்கு கண்ணு அவிஞ்சா போச்சு என்று கேட்டாள். என்ன சொல்கிறாள் என்று துரை என்னிடம் கேட்டார். அந்தப் பேச்சை அவர் முன் எப்படிச் சொல்வேன்? புருஷனுக்காக அழுகிறாள் என்று சொல்லிவிட்டேன். அவளை வெளியே இழுத்துப் போனார்கள்.

நாளை சகாதேவனைச் சென்னைக்கு, உன் கோர்ட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். நாகம்மாளும் அவள் தகப்பன் பூபதியும் பின்னாலேயே வருகிறார்கள். தம்பி, அவளைப் பேசவிடு. அவள் பேசுவதை ஒரு சொல் விடாமல், வசவையும் சேர்த்து, இங்கிலீஷில் சொல். எனக்கு இல்லாத துணிவை அந்த ஆண்டவன் உனக்குத் தரட்டும்.

உன் அண்ணன்,
உலகநாதன்.

மூன்றாவதை எழுத இடம் விட்டிருந்தேன். எழுத வரவில்லை. மேலே குறித்தது பிழை.