ஏலக்காய் போட்ட டீ

நைனார்பாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் தமிழரசனுக்கு,

அப்பா தனசேகரன் எழுதுவது. ஓசூரில் நீயும் மருமகளும் சௌக்கியம்தானே? இங்கே மரவள்ளி பிடுங்கியாகிவிட்டது. என் வலது கை மட்டும் இன்னும் சொன்ன பேச்சு கேட்பதில்லை, சின்ன வயதில் நீ இருந்த மாதிரி. போனில் பேசினால் பாதியில் கத்துவாய், அதனால்தான் கடிதம். எழுத்து கோணலாக இருக்கும். எட்டாவது படிக்கும்போதும் இப்படித்தான், அப்போது பக்கவாதம் என்று சாக்குச் சொல்ல முடியவில்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து தெரபிக்கு வரும் அருள்மொழி வந்திருந்தாள். வெள்ளிமலைப் பெண். சட்டை போடுவது, சோறு பிசைவது என்று கை மறந்த வேலைகளைத் திரும்பப் பழக்குகிறவள். அப்பா தனியாக இருக்க முடியாது என்று எழுதிக் கொடுங்கள் என நீ அவளைக் கேட்டாயாமே. அவர் வேலை செய்வதை நேரில் பார்க்காமல் எழுத மாட்டேன், நீங்கள் கேட்டதை அவரிடம் மறைக்கவும் மாட்டேன் என்று உன்னிடமே சொல்லிவிட்டாளாம். கோபப்படாதே.

நானும் யோக்கியனில்லை. டீ போட்டுக் காட்டச் சொல்லியிருந்தாள். பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாளிடம் முன்னமே வாங்கிப் பிளாஸ்கில் ஒளித்து வைத்தேன். சமையலறையில் பாத்திரத்தை நாலு தட்டு தட்டிவிட்டு ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய்தான் குடித்தாள்.

"இன்னாங்கய்யா, ஏலக்காய் வாசனை வருது? போன வாரம் உங்க டப்பாவெல்லாம் நான்தான கீழ எடுத்து வெச்சேன். ஏலக்காயே இல்லியே!"

வேலிக்கு அந்தப் பக்கம் கொளஞ்சியம்மாள், "மாட்டிக்குவாருன்னு அப்பவே தெரியும்" என்று சிரிக்கிறாள்.

அருள்மொழி திட்டவில்லை. மலைக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தெரிந்தும், இப்போது நீங்களே போடுங்கள் என்று உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரம் ஆனது. பாலைச் சிந்தினேன். அவள் கை துடித்தது, ஆனால் உதவிக்கு நீளவில்லை. சர்க்கரை ஜாஸ்தியான அந்த டீயை முழுக்கக் குடித்தாள்.

எழுதியதை எனக்கே படித்துக் காட்டினாள். டீ, சோறு எல்லாம் தானே செய்துகொள்ளலாம், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும், வண்டி ஓட்டக் கூடாது. வண்டியை மட்டும் விட்டுவிடம்மா என்று கெஞ்சினேன்.

"எதிர்ல வர்றவங்களுக்கும் வூடு இருக்குங்கய்யா."

சாவியைக் கொடுத்துவிட்டேன். இங்கேயா ஓசூரா என்பதை அவள் எழுதவில்லை. அது நானும் நீயும் பேச வேண்டியதாம்.

இப்படிப்பட்டவளிடம் எப்படி மறைப்பது? போன மாதம் கிணற்றடியில் விழுந்து, ஒரு மணி நேரம் எழ முடியாமல் கிடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"இத எழுதாம இருக்க முடியாதுங்கய்யா. ஆனா உங்க புள்ள என் காகிதத்துல பார்த்துத் தெரிஞ்சிக்கக் கூடாது. நீங்க சொல்லுங்க. வெள்ளிக்கிழமைதான் அனுப்புவேன்."

அதுவரை கொளஞ்சியம்மாள் காலையும் மாலையும் எட்டிப் பார்க்க ஏற்பாடு. எனக்குக் கிட்டத்தட்ட ஜெயில்தான்.

விழுந்தேன், தமிழு. பயந்தேன். சொன்னால் கையோடு அழைத்துப் போய்விடுவாய் என்று அதைவிடப் பயந்தேன்.

முடிவெடுக்கும் முன் ஒருமுறை வா. கம்பியை நீயே அடித்துக் கொடு. நான் டீ போடுகிறேன். நேரமாகும். கை நீட்டாமல் உட்கார்ந்திரு, தமிழு.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஏலக்காய் இல்லாத வீட்டிலிருந்து,
உன் அப்பா தனசேகரன்