அகத்தாவின் தட்டு

பிப்ரவரி 1, ஞாயிறு

நல்ல பனி. காலைப் பூசைக்குப் போகவில்லை. தலைவலி என்று வீட்டுக்காரரிடம் பொய். குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி. புளியங்கொட்டை அளவு. வலி இல்லை. அதுதான் பயம்.

உளுந்து ஊறவைக்க வேண்டும்.

பிப். 2, திங்கள்

வெள்ளிமலை பஸ். ஒவ்வொரு வளைவிலும் கை தானாக அங்கே போகிறது. நான்காம் வகுப்பில் கழித்தல் கணக்கைத் தப்பாகப் போட்டேன். பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்தது.

செல்வி டீச்சர்: "இன்னா டீச்சர், மூஞ்சே சரியில்ல?"

தூக்கமில்லை என்றேன். அது மட்டும் உண்மை.

பிப். 3, செவ்வாய்

புனித அகத்தாவின் பெயர்தான் எனக்கு. விசுவாசத்தை விடச் சொன்ன அதிகாரிக்கு இணங்கவில்லை, மார்பை அறுத்தார்கள். புத்தகப் படத்தில் அவள் தட்டில் ஏந்தியிருக்கும் அந்த மார்புகளைச் சின்ன வயதில் கொழுக்கட்டை என்று நினைத்தேன். கேட்டதற்கு அம்மா புத்தகத்தையே மூடிவிட்டாள்.

இன்று செபம் வரவில்லை. இந்தப் பெயரை ஏன் வைத்தார்கள் என்று கோபம்தான்.

பிப். 4, புதன்

பள்ளி விட்டு நேராகக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி. டோக்கன் வாங்கினேன்.

"லேடி டாக்டர் இல்லீங்களா?"

"அவங்க லீவும்மா. இவரும் நல்லா பாப்பாரு, உக்காருங்க."

உட்காரவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து வீடு. வெட்கமா, பயமா, தெரியவில்லை.

பிப். 5, வியாழன்

அகத்தா திருநாள். மாலைப் பூசை. பிரசங்கத்தில் சாமியார் சொன்னது: அறுபட்ட அகத்தாவைத் தேடிச் சிறைக்குள் ஒரு கிழவர் மருந்தோடு வந்தார். காயத்தைக் காட்ட அவளுக்குக் கூச்சம். வந்தவர் இயேசுவின் சீடர் இராயப்பர் என்று அப்புறம்தான் தெரிந்தது. குணமாக்கிவிட்டுப் போனார்.

இதை நான் கேட்டதே இல்லை. எனக்குத் தெரிந்த கதை கத்தியோடு நின்றுவிட்டது. அவளுக்கும் கூச்சம் இருந்திருக்கிறது.

கோயில் வாசலில், வண்டி பக்கத்தில், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

"எப்பலேந்து?"

"ஞாயித்துக்கெழம பாத்தேன்."

"அதுலேந்து தனியா சொமந்துக்கினு இருந்தியா?"

சாவி வண்டியில் நுழையவில்லை அவருக்கு.

பிப். 6, வெள்ளி

அதே டாக்டர். நர்ஸ் கூடவே நின்றாள். சுவரில் இருந்த பல்லியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கேன் பார்த்து, ஊசி போட்டுச் சோதனைக்குச் சதை எடுத்தார்கள். திரைக்கு வெளியே அவருடைய செருப்பு தெரிந்தது. அசையவில்லை.

பிப். 10, செவ்வாய்

ரிசல்ட். புற்றுதான். சின்னது என்றார் டாக்டர், சீக்கிரம் வந்தது நல்லது என்றார். அதற்கு மேல் காதில் ஏறவில்லை. புதுச்சேரியில் ஆபரேஷன், நாளை அட்மிட் ஆகவேண்டும்.

"முழுசா எடுக்கணுங்களா?" கேட்டது அவர்.

"கட்டிய மட்டும் எடுத்தா போதும்னு நெனைக்கிறேன். தொறந்து பாத்தாதான் சொல்ல முடியும்."

பஸ் ஸ்டாண்டில் தரையைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "எடுத்தா எடுக்கட்டும். நீ வூட்டுக்கு வந்தா போதும்."

செல்வி டீச்சருக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லியாயிற்று. லீவு சொல்லியாயிற்று. நைட்டி, துண்டு, ஸ்கேன் கவர். பயம் கம்மியாகவில்லை. எழுத்து கோணுகிறது.

உள்ளே அவர் பை அடுக்குகிறார். எல்லாவற்றையும் தப்பாக. எழுந்து போகவேண்டும்.