பக்கத்து வீட்டுப் பரண்

நவம்பர் 9, சனி

என் வீட்டுக்காரர் டெஸ்மண்ட் இன்றும் பக்கத்து வீட்டுப் பரணில். லோர்னா அங்கே குடிவந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மாடியில் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் சூடேறவில்லையாம். கூரைக்கடியில் பரணில் இருக்கும் சின்னத் தொட்டியிலிருந்துதான் அந்தக் குழாய்களுக்குத் தண்ணீர் இறங்க வேண்டும். தொட்டி முழுக்கத் துருச் சேறாம். "தனியா இருக்கற பொம்பள, பாவம்" என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எங்கள் தொட்டியை யார் பார்ப்பது? எங்கள் படுக்கையறை ரேடியேட்டரும் போன குளிர்காலத்திலிருந்து பாதிதான் சுடுகிறது. சொன்னேன். "ம்" என்றார்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் அவர் சிரிப்பது இங்கே கேட்கிறது. இந்த வீட்டில் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாகிறது? லோர்னாவின் குரலைச் சொல்லவே வேண்டாம். ராச்டேல் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தவள். தெருமுனைவரை கேட்கும்.

நவம்பர் 10, ஞாயிறு

மறுபடியும் போனார். சவரம் செய்துகொண்டு. தொட்டி கழுவவா சவரம்?

நவம்பர் 13, புதன்

ரொட்டிக் கடையில் லோர்னா பிடித்துக்கொண்டாள். "உங்க வீட்டுக்காரர் பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டார் போலிருக்கே! பஸ் ஓட்டின கதையெல்லாம் சொல்லி, சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறே வலிச்சுப்போச்சு."

நானும் சிரித்து வைத்தேன். உள்ளே பற்றி எரிந்தது. அவை எனக்குச் சொன்ன கதைகள். எனக்கென்றே சொன்ன கதைகள்.

இரவுச் சாப்பாட்டில் கேட்டே விட்டேன். "அங்க அப்படி என்ன பேச்சு?"

உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டே, "ஆமா, நல்லா வெந்திருக்கு" என்றார்.

எப்படி நழுவுகிறார், பாருங்கள்!

நவம்பர் 16, சனி



நானே செய்துவிடுவதென்று முடிவெடுத்தேன். காலையிலேயே பாய்லரை அணைத்து ஆறவிட்டேன். மதியம் ஏணி வைத்து ஏறினேன். தண்ணீர் வராமலிருக்க மிதவைக் கம்பியைத் தூக்கி, குறுக்கே வைத்த கட்டையில் கயிற்றால் கட்டினேன். சேறு குழாய்க்குள் இறங்காமல் அடித்துளையைத் துணியால் அடைத்தேன். பிறகு குவளையால் மொண்டு மொண்டு வாளியில் ஊற்றினேன். மசி மாதிரிக் கறுப்பு. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மிதவைப் பந்தைக் கழற்றித் துடைக்கும்போது கயிறு அவிழ்ந்துவிட்டது. கம்பி சட்டென்று கீழே விழ, தண்ணீர் பீறிட்டது. நிரம்பினால் வெளியே விடும் குழாயிலும் சேறு அடைத்திருந்தது. கம்பியைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். விட்டால் கீழ் அறையின் உட்கூரையே ஊறிவிடும்.

நேர் கீழே படுக்கையறையில் அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"டெஸ்! கீழ போய் வால்வை மூடு!"

தாள் புரளும் சத்தம் கேட்டது.

"டெஸ்! அவ கூப்பிட்டா மட்டும் ஓடுவியா?"

இன்னொரு தாள். அந்தச் சத்தத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்துதான் லோர்னாவின் குரல் வந்தது. "என்னாச்சு, கிளெனிஸ்?" சொன்னேன். பின்கதவு வழியாக ஓடிவந்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்த வால்வை மூடிவிட்டு மேலே ஏறிவந்தாள். நான் கறுத்த கையோடு அழுதுகொண்டிருந்தேன்.

"நீங்க கூப்பிட்டா வர்றார். நான் கூப்பிட்டா வரமாட்டேங்கறார்."

லோர்னா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நீங்க பேசறது அவருக்குக் கேக்கல, கிளெனிஸ். கொஞ்ச நாளாவே காது மந்தம். என் குரல் மட்டும்தான் தெளிவா விழுதாம். உங்ககிட்ட சொல்லியிருப்பார்னு நினைச்சேன்."

அப்போதுதான் டெஸ்மண்ட் பரண் வாயில் தலையை நீட்டி, ஒன்றும் அறியாமல் கேட்டார்: "என்ன, ரெண்டு பேரும் மேல என்ன பண்றீங்க?"

நவம்பர் 17, ஞாயிறு

விடியும்வரை சண்டை. தெருவுக்கே கேட்டிருக்கும், கத்தித்தானே பேச வேண்டியிருந்தது.

"அவகிட்ட சொல்லத் தெரிஞ்சுதே!"

"அவகிட்ட சொன்னா எனக்கென்ன போச்சு? உன்கிட்ட சொல்லத்தான் வெக்கமா இருந்துச்சு."

காலையில் இரண்டு பேருமாக ஏறித் தொட்டியைத் துடைத்து நிரப்பினோம். ரேடியேட்டர் முழுதாகச் சுடுகிறது. இருந்தாலும் அவளுக்கு முதலில் தெரிந்ததே! அதை என்னால் விழுங்க முடியவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

மருத்துவரிடம் போனோம். நான்தான் கையைப் பிடித்து இழுத்துப்போனேன்.

ஜனவரி 18, சனி

காதுக் கருவி வந்து நான்கு நாளாகிறது. இன்று லோர்னா கேக் சுட்டு இவரைக் கூப்பிட்டாள். போனார். நான் கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று துணி மடித்துக்கொண்டிருந்தேன். பாதித் துணிகூட மடிக்கவில்லை, திரும்பி வந்துவிட்டார்.

"அப்பப்பா, அந்தம்மா என்னா கத்து கத்துது! மண்டைக்குள்ள ஆணி அடிக்கற மாதிரி இருக்கு."

பாவம் லோர்னா என்று எழுத வருகிறது. எழுத மாட்டேன்.

நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீ ஏதாவது பேசேன்" என்றார்.

என்ன பேசுவது? மார்மலேடு ஜாம் செய்ய ஆரஞ்சு வந்துவிட்டது, போன வருஷத்தைவிடச் சின்னதாக இருக்கிறது என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.