அவள் ஆரைக் கட்டினாள்?

மச்சாள்,

நேற்றுப் பேத்தி தமிழ்க் கடையில வறுத்த கச்சான் கடலை வாங்கிவந்து என்ர மடியில வச்சாள். அந்த மணத்தோட நீரும் பக்கத்தில வந்து குந்தினமாதிரி இருந்தது. கச்சான் இல்லாமல் நீர் எப்ப படம் பாத்தனீர்? அவள் கொம்பியூட்டரில தேடிப் போட்டதும் உம்மட அந்த ஜேர்மன் படந்தான்.

ஜேர்மனியில இருந்து லண்டனுக்கு வரேக்க நீர் கொண்டந்த வீடியோ கசெட். படங்கள் பேசத் தொடங்கின காலத்துப் படம், அதுக்குள்ளயும் படம் எடுக்கிற கதை. தொப்பி விக்கிற பெட்டை ஒருத்தி நடிக்க வருவாள். பூச்சாடிக்குள்ள ஒரு பெடியன் மைக் ஒளிச்சு வச்சிருக்கிறது தெரியாமல் டைரக்டரை ஏசுவாள், அவ்வளவும் பதிவாகிப்போகும். எங்கட தோர்ண்டன் ஹீத் வீட்டுச் சோபாவில இருந்து நீர் எல்லாத்தையும் தமிழில சொல்லுவீர். டைரக்டர் வாய் மூடின பிறகும் நீர் மூடமாட்டீர்.

கடைசிக் காட்சிதான் எங்களுக்கு இல்லாமல் போச்சு. உம்மட அண்ணை, என்ர மனுசன், அதுக்கு மேல எங்கட மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டைப் பதிஞ்சுபோட்டார். பெட்டை டைரக்டரின்ர கதவைத் தட்டுவாள். கதவு திறந்தால் ஆலாத்தித் தட்டோட பெரியமாமி நிப்பா.

அவள் மைக் வச்ச பெடியனைத்தான் கட்டினவள் எண்டு நீர் சாதிச்சீர். இப்பிடி ஏசுறவள் ஏச்சு வாங்கினவனைத்தான் கட்டுவாள் எண்டு நான் சொன்னன்.

"ஜேர்மன் தெரிஞ்சவள் நானோ நீரோ?" எண்டு கேட்டீர். அந்தக் கேள்விக்காகவே ஒரு தைப்பொங்கலுக்கு உம்மட வீட்டுப் படி மிதிக்கேல்லை நான்.

நேற்று முடிவைப் பாத்தன். கீழ ஓடின இங்கிலிசைப் பேத்தி வாசிச்சுச் சொன்னாள். டைரக்டரைத்தான் கட்டினாள், மச்சாள். கையைத் தட்டிப்போட்டு உம்மட பக்கம் திரும்பினன். கச்சான் கோதுதான் கிடந்தது.

பிறகுதான் யோசிச்சன். உம்மட மனுசன் ஊரில கோயில் திருவிழாக்களுக்கு ஸ்பீக்கர் கட்டினவர். வயர் இழுக்கிறவனுக்கோ பொம்பிளை குடுக்கிறது எண்டு உம்மட அம்மா ஒற்றைக்காலில நிண்டவ. நீர் அவரைத்தான் கட்டினீர், சிரிச்சுக்கொண்டே வாழ்ந்தும் காட்டினீர். மைக் வச்சவனை அந்தரத்தில விட உமக்கு மனம் வருமோ?

இண்டைக்குச் சட்டனில இருந்து உம்மட மகள் போன் எடுத்தாள். அம்மா கடைசிமட்டும் சொல்லிக்கொண்டிருந்த அந்தப் படம் எப்பிடி முடிஞ்சது மாமி எண்டு கேட்டாள்.

"மைக் வச்ச பெடியனைத்தான் கட்டினாள்" எண்டன். அவள் சிரிச்சது உம்மட சிரிப்பு.

இதோட எல்லாம் சரியெண்டு நினையாதேயும். கசெட்டை அழிச்சது நான்தான் எண்டு மோர்டன் முழுக்கச் சொல்லித் திரிஞ்சீரே, அதை நான் இன்னும் கட்டி வச்சிருக்கிறன். அங்க வந்து கேக்கிறன்.