நூலகத்துப் படியில் நிற்கும் பிள்ளைகள்

ஆகஸ்ட் 4, திங்கள்

புதிய மாணவர்களுக்கு நூலக அறிமுகக் கூட்டம். தலைமை நூலகர் நாற்பது நிமிடம் பேசினார். பை கொண்டுவரக் கூடாது, பேசக் கூடாது, எடுத்த புத்தகத்தைத் தாங்களே அடுக்கில் திருப்பி வைக்கக் கூடாது. பின்வரிசையில் நின்று எண்ணினேன். முப்பத்தொரு 'கூடாது'. 'வாருங்கள்' என்று ஒருமுறைகூட வரவில்லை. இருநூறு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எத்தனை பேர் வருகிறார்கள், பார்ப்போம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஒன்பது பேர்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஒரு பெண் மூன்று நாளாக வாசல் படியில் நிற்கிறாள். வேதியியல், முதலாண்டு. உள்ளே எட்டிப் பார்ப்பதும் செல்போனைப் பார்ப்பதுமாக. இன்று நானே வெளியே போனேன்.

"உள்ள வாம்மா. யாருக்காவது காத்திருக்கியா?"

"இல்ல மேடம். ஒரு தடவ வந்தேன். கெமிஸ்ட்ரி புக் எங்க இருக்குன்னு கேட்டேன். கம்ப்யூட்டர்ல பாருன்னாங்க. எனக்குப் பாக்கத் தெரியல. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அதான்."

"யாரு அப்படிச் சொன்னது?"

"நீங்கதான் மேடம்."

பத்தொன்பது வருடமாக வாசகர் உதவி மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருப்பேன் — தலையை நிமிர்த்தாமலே? அவள் முகம் எனக்குக் கொஞ்சமும் நினைவில்லை. என் முகம் அவளுக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. தலைமை நூலகரின் 'கூடாது'களை எண்ணினேனே, என்னுடையதை யார் எண்ணுவது?

ஆகஸ்ட் 11, திங்கள்

சாப்பாட்டு இடைவேளையில் அவளையும் தோழிகள் இருவரையும் உள்ளே அழைத்துப் போனேன். புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணை எப்படிப் படிப்பது, அதைக்கொண்டு அடுக்கை எப்படிப் பிடிப்பது, அவ்வளவுதான்.

"தப்பா எடுத்துட்டா என்ன ஆகும் மேடம்?"

"ஒண்ணும் ஆகாது. அடுக்குறது என் வேலை."

வேதியியலைத் தேடிப் போனவள் எரிமலைகளைப் பற்றிய புத்தகத்தை எடுத்து, நின்றபடியே அரை மணி நேரம் படித்தாள்.

ஆகஸ்ட் 20, புதன்

சாப்பாட்டு இடைவேளைக்கு இன்று இருபத்து மூன்று பேர். மேடம் போய் அக்கா ஆகிவிட்டேன். ஒருத்தன் புத்தகத்தைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் கத்திவிட்டான். யாரோ ஒரு பேராசிரியர் புகார் கொடுக்க, தலைமை நூலகர் கூப்பிட்டார்.

"இது நூலகம்மா. சந்தை இல்ல."

"சந்தைக்குள்ள போகப் பிள்ளைங்க பயப்படுறதில்ல சார்."

வாய் தவறி வரவில்லை. தெரிந்துதான் சொன்னேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மெமோ. விளக்கம் கேட்டு. வீட்டில் உட்கார்ந்து பதில் எழுதினேன்: 'உணவு இடைவேளையில் வாசகர்களுக்குப் புத்தகம் தேட உதவினேன். தொடர்ந்து உதவுவேன்.'

கணவர் வாங்கிப் படித்தார். "ரெண்டாவது வரிய அடிச்சிடேன். எதுக்கு வீண் வம்பு?"

"அந்த வரிக்காகத்தான் முதல் வரியையே எழுதினேன்."

சிரித்தார்.

செப்டம்பர் 1, திங்கள்

கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். பழைய இதழ்கள் கட்டுக்கட்டாக. ஜன்னல் இல்லை. ஒரு மேசை, ஒரு நாற்காலி. வாரத்துக்கு ஒருவர் வந்தால் அதிசயம்.

என்ன நெனச்சுட்டாரு? மூலையில உக்கார வெச்சா வாய மூடிக்குவேன்னா? அழுகை வருது, அது வேற விஷயம். அழுதுட்டே செய்வேன். மேல இருந்தவ கீழ இருக்கேன். அவ்வளவுதான்.

செப்டம்பர் 3, புதன்

வேதியியல்காரி என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். தரையில் உட்கார்ந்தார்கள்.

செப்டம்பர் 10, புதன்

பத்தொன்பது பேர். இதழ்களில் கட்டுரை தேடுவதைக் காட்டிக்கொண்டிருந்தேன். படியில் செருப்புச் சத்தம் — தலைமை நூலகர். என்னைப் பார்க்க வரவில்லை. ஏதோ பழைய இதழைத் தேடித் தவறான வரிசைக்குள் போனார். பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான் எழுவதற்குள் வேதியியல்காரி எழுந்துவிட்டாள்.

"எந்த வருஷத்து இதழ் சார்?"

சொன்னார்.

"அது இந்தப் பக்கம் இல்ல சார். வாங்க."

அழைத்துப் போய் எடுத்துக் கொடுத்தாள். அவர் உட்கார இடம் தேடினார், இல்லை. தரையில் நீட்டியிருந்த கால்களை மிதிக்காமல் பார்த்துப் பார்த்து நடந்து மேலே போனார்.

பயமாக இல்லையா என்று அவளிடம் கேட்டேன்.

"அவரும் தேடிட்டுதானே அக்கா இருந்தாரு."

செப்டம்பர் 15, திங்கள்

மெமோ வரும் என்று காத்திருந்து அலுத்துப்போய், நானே ஒரு விண்ணப்பம் கொடுத்தேன். கீழ்த்தளத்துக்கு ஆறு நாற்காலிகள். காரணம்: 'முதலாண்டு மாணவர்கள் தரையில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.' 'தயவுசெய்து' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

விண்ணப்பம் திரும்பி வந்தது. 'ஆறு' என்பதை அடித்து, பக்கத்தில் 'இருபது' என்று தலைமை நூலகரே தன் கையால் எழுதியிருந்தார். கீழே கையொப்பம்.

மதியம் பிள்ளைகளே நாற்காலிகளை இறக்கினார்கள். படியெல்லாம் தடால் தடாலென்று ஒரே சத்தம். மேல்தளம் வரைக்கும் கேட்டிருக்கும். யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை.