தலைமையுரையில் கங்காரு

9-8-58, சனி. ஆலங்குடி.
காலையிலிருந்தே புழுக்கம். பேனா நிப்பு மாற்ற வேண்டும். பள்ளிப் பொருட்காட்சி பற்றி நான் அனுப்பிய செய்தி இன்றைய பேப்பரில் வந்திருக்கிறது, கெடுக்கப்பட்டு. நான் எழுதியது: “அறிவியல் ஆசிரியர் அருளப்பன் வரைந்த படத்தில் கங்காருவும் பாலூட்டி வரிசையில்.” அச்சில் கூடுதலாக: “எனினும் கங்காரு பாலூட்டி இனத்தைச் சேராதது.” திருச்சி ஆபீஸ் சப்-எடிட்டரின் சொந்தச் சரக்கு.

11-8, திங்கள்.
அருளப்பன் வந்தார். ஆவூர்க்காரர். வேலை இன்னும் தற்காலிகம். பள்ளி மானேஜர், ரைஸ்மில் முதலாளி, கேட்டாராம்: “பேப்பருக்குத் தெரிஞ்சது ஒமக்குத் தெரியலையா?” அடுத்த திங்களுக்குள் தவறை ஒப்புக்கொண்டு எழுதித் தர வேண்டும், இல்லாவிட்டால் வேலை போகும்.
“பாலூட்டியிலேயே மூணு பிரிவுங்க. முட்டை போடுறது, பையில வச்சு வளக்கிறது, நம்மள மாதிரி வயித்துலேயே முழுசா வளக்கிறது. மூணும் பால் குடுக்குதுங்க. இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு எப்படிங்க கிளாசுக்குப் போறது?”

12-8
திருச்சிக்கு டிரங்க் கால். ஒரு மணி நேரக் காத்திருப்பு. சப்-எடிட்டர்: “பால் குடுத்தா பாலூட்டி. பை இருந்தா பைப்பிராணி. ரெண்டும் எப்படி சார் ஒண்ணாகும்?” திருத்தம்? “ஒரு மிருகத்துக்கெல்லாம் திருத்தம் போட முடியாது சார்.” படித்த மூடன்.
மாலை ரைஸ்மில். என் கையெழுத்து நகலைக் காட்டினேன். மானேஜர்: “நீங்க எழுதுனது கெடக்கட்டுங்க. அச்சுல என்ன வந்திருக்கு?” எழுதியவனிடமே! சட்டையெல்லாம் தவிடு.

15-8
தூறல். பள்ளியில் கொடியேற்றம். மானேஜர் தலைமை. முக்கால் மணிப் பேச்சு. சுதந்திரம் இரண்டு முறை, ரைஸ்மில் ஆறு முறை. பிராணிகள் பற்றி ஒரு சொல் இல்லை. அருளப்பன் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.
மதிய பஸ்ஸில் செய்திக் கவர். எங்கள் ஆபீசில் தலைமையுரையை மட்டும் யாரும் தொடுவதில்லை. தலைமை தாங்குகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

17-8
வந்துவிட்டது. “கங்காரு குட்டியைப் பையில் வைத்து வளர்த்தாலும் பால் கொடுத்தே வளர்ப்பதால் அதுவும் பாலூட்டியே என்று பள்ளி மானேஜர் தலைமையுரையில் விளக்கினார்.” நான் எழுதியதில் ஒரு புள்ளி மாறவில்லை.

18-8, திங்கள்.
பிளேடு வாங்க மறந்தேன். கடைத்தெருவில் மானேஜர், கையில் பேப்பர். “பாத்தீங்களா? நான் அன்னைக்கே சொன்னேன். நான் சொன்ன பொறவுதான் வாத்தியாருக்கே தெளிஞ்சுச்சு. எழுதியெல்லாம் தர வேணாம்னுட்டேன்.”
மாலையில் அருளப்பன். “அவுக அப்படிப் பேசவே இல்லையேங்க?”
முப்பது வருட நிருபர் வேலையில், யாரும் பேசாததைப் பேசியதாக நான் எழுதிய வரி இது ஒன்றுதான். சப்-எடிட்டர் கை வைக்காமல் விட்டதும் இதைத்தான்.