உன் பெயருக்குப் போன அழைப்பு

அக்கா,

மூலையில் மஞ்சள் தடவிய அழைப்பிதழ்கள் கொஞ்சம் மிஞ்சிக் கிடக்கின்றன. நீ கண்ணை மூடி ஐந்து மாதம் ஆகிறது. என் பேரன் கல்யாணத்துக்கு அம்பகரத்தூரில் உன் மகளுக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைத்திருக்க வேண்டும். முழங்கால் வலி என்று தபாலில் விட்டோம். உறையின் மேல் உன் பெயரும் இருந்தது.

"சின்னம்மா, அம்மாவ எங்கேருந்து அழைச்சிட்டு வர்றது?" என்று போனில் கேட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

என் பேத்தி கம்ப்யூட்டரில் விவரங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கும் வேலையில் கெட்டிக்காரி. காரைக்கால்மேடு முழுக்க நான்தான் பீற்றிக்கொண்டேன். அவள் பழகிய முறையில் ஆளுக்கு ஒரே இடம், மற்ற பட்டியலெல்லாம் அந்த இடத்தைக் கைகாட்டும். இப்போது ஆபீசில் வேறொரு முறை படிக்கச் சொன்னார்களாம். வீட்டுக்கு ஒரு தாள், அந்த வீட்டுச் சங்கதி மொத்தமும் அதிலேயே. பழகிப் பார்க்க நம் கல்யாணப் பட்டியலை எடுத்தாள். நீ பாதி நாள் மகன் வீடு, பாதி நாள் மகள் வீடு. இரண்டு தாளிலும் இருந்தாய். நீ போனதும் ஒன்றில்தான் உன் பெயரை எடுத்தாள்.

"ஒரு எடத்துல எடுத்தா போதும்னே பழகிட்டேன் அப்பாயி."

"சீ, என்ன படிப்பு இது!" என்று கத்தினேன்.

நெரவியில் மீன்கூடையோடு நுழையும் உன் தலைக்குள்ளும் வீட்டுக்கு ஒரு தாள்தானே இருந்தது? ஒருத்தியின் பச்சைக்குழந்தை தவறியதும், அவள் தாய்வீட்டு வாசலிலும் நீ, பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறக் கொடுக்கும் பால்சுறா என்று கூவவில்லை. "ரெண்டு வீட்லயும் இருக்கறது அவ ஒருத்திதான்டி," என்றாய்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. பத்திரிகை அனுப்புமுன் பேத்தி அந்தப் பட்டியலைப் போனில் நீட்டி, "ஒருதடவ படிச்சுப் பாத்துடுங்க அப்பாயி," என்றாள். பொடி எழுத்து, கண்ணுக்குப் பிடிபடவில்லை. அஞ்சாவது படித்த கொழுப்பு, அதைச் சொல்ல விடவில்லை. விரலால் தள்ளித் தள்ளி, "எல்லாம் சரியா இருக்கு" என்றேன். அப்புறம் கேட்டவர்களிடமெல்லாம் அவளைக் காட்டிக்கொடுத்தேன். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நாளைக் காலை பஸ்ஸில் பேத்தியோடு உன் மகளிடம் போகிறேன். படிக்காமலே தலையாட்டினேன் என்று இருவர் காதிலும் விழச் சொல்ல வேண்டும். உன்னோடு ஊரூராக மீன் விற்று வாசலில் நின்று பழகிய கால்கள்தான் எனக்கு மிச்சம். அவள் உள்ளே கூப்பிடாவிட்டாலும், சொல்லி முடிக்கும்வரை நிற்கும்.